டெல்லிக்குக் கூட்டமாகக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் தெருவிலிருந்து இதுவரை நான்கு முறை கூட்டமாக டெல்லிக்குப் போயிருக்கிறோம். முதல் முறை 14 பேர், கடைசியாக 23 பேர். டிக்கெட் போடுவது, பட்டியல் எழுதுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அதனால் பக்கத்துத் தெருவோ, தங்கையின் ஆபீஸோ, பஜனைக் குழுவோ, யார் கிளம்பினாலும் எனக்கு ஃபோன் வருகிறது. கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

டெல்லி சுத்திப் பார்க்க எத்தனை நாள் வேணும்க்கா?

டெல்லிக்கு முழுசாக நான்கு நாள், ஆக்ராவுக்கு ஒரு நாள். ரயிலில் போனால் போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு. மொத்தத்தில் ஒன்பது, பத்து நாள் வீட்டைப் பூட்ட வேண்டியிருக்கும். மூன்றே நாளில் எல்லாம் காட்டுகிறோம் என்கிற டூர்காரர்கள் உண்டு. காட்டுவார்கள், வண்டி ஜன்னல் வழியாக.

எந்த மாசம் போனா நல்லது? பசங்களுக்கு மே மாசம்தான் லீவு.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை நல்ல காலம். வெயிலும் இருக்காது, குளிரும் ஒரு ஸ்வெட்டரோடு போய்விடும், ராஷ்டிரபதி பவனின் தோட்டமான அம்ரித் உத்யானையும் வழக்கமாக அந்தச் சமயத்தில்தான் திறந்துவிடுகிறார்கள். அக்டோபர் முதல் பாதியும் பரவாயில்லை. தீபாவளியை ஒட்டிக் காற்று புகையாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களை அப்போது அழைத்துப் போகாதீர்கள்.

மே மாதம் வேண்டவே வேண்டாம். 45 டிகிரி வெயிலில் செங்கோட்டை முற்றத்தில் நடந்த குழந்தைக்கு அந்த வெயில் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அரையாண்டு லீவில் போகலாம், ஆனால் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம். ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். ஜனவரி 26-ஐ ஒட்டிய நாட்களையும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். அணிவகுப்பு ஒத்திகை, பாதுகாப்பு என்று கர்தவ்ய பாதையும் செங்கோட்டையும் நம் கைக்கு எட்டாது.

ரயில் டிக்கெட் எப்போ போடணும்? 20 பேருக்கு ஒரே டிக்கெட்டா போடலாமா?

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். 120 நாள் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது 2024 நவம்பரோடு மாறிவிட்டது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. 20 பேர் என்றால் நான்கு டிக்கெட், நான்கு வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து போட வேண்டும். அவர்களுடைய ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் முன்பே சரிபார்க்கப்பட்டிருக்கட்டும். இல்லையென்றால் முன்பதிவு திறக்கும் நாளில் வெளியே நிற்க வேண்டியதுதான்.

கீழ் பெர்த் ஒதுக்கீடு ஆண்களுக்கு 60 வயதிலிருந்து, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. மூத்தவர்களுக்கான கட்டணச் சலுகை 2020-இல் நின்றுபோனது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம், எந்த ஸ்டேஷனில் இறங்குகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லி ஸ்டேஷனுக்குப் போகிறது. திருக்குறள் எக்ஸ்பிரஸும் மதுரை சம்பர்க் கிராந்தியும் ஹஸ்ரத் நிஜாமுதீனில் நிற்கும். வண்டிக்காரரிடம் தவறான ஸ்டேஷனைச் சொல்லிவிட்டு 23 பேர் பெட்டிகளோடு காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்க தங்குறது? கரோல் பாக்னு எல்லாரும் சொல்றாங்களே?

நானும் அதைத்தான் சொல்வேன். மெட்ரோ ப்ளூ லைன் வாசலிலேயே இருக்கிறது, கடைவீதி இருக்கிறது, தென்னிந்தியச் சாப்பாடும் கிடைக்கும். பஹார்கஞ்ச் புதுடெல்லி ஸ்டேஷனுக்கு நேர் எதிரே, வாடகையும் குறைவு, ஆனால் சந்துகள் நெரிசல். வயதானவர்கள் இருந்தால் கரோல் பாக்.

ஹோட்டலில் மூன்று கேள்வி கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா, எங்கள் அறைகள் எல்லாம் அடுத்தடுத்து ஒரே மாடியில் கிடைக்குமா, வெந்நீர் எத்தனை மணி நேரம் வரும். 23 பேர் காலை ஆறு மணிக்குக் குளிக்கும்போது மூன்றாவது கேள்வியின் அருமை தெரியும்.

டெம்போ டிராவலர் எடுக்கலாமா, மெட்ரோவிலேயே போயிடலாமா?

இரண்டும். பழைய டெல்லிக்கு மெட்ரோதான். வண்டியில் போனால் சாந்தினி சௌக் பக்கம் நிறுத்த இடம் கிடைக்காது. பகல் முழுவதும் அந்தப் பிரதான வீதிக்குள் மோட்டார் வண்டிகளை விடுவதும் இல்லை. ஆனால் குதுப் மினார், தாமரைக் கோயில், மலை மந்திர் என்று தெற்கே போகிற நாளுக்கு வண்டி வேண்டும். குதுப் மினார் என்று பெயர் வைத்த மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து மினார் வரை நடக்க நம் மாமிகளால் ஆகாது.

வண்டி பேசும்போது டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா, உத்தரப் பிரதேச நுழைவு வரி எல்லாம் சேர்த்தா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆக்ரா உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. அந்த வரியை யார் கட்டுவது என்று எல்லையில் வைத்துத்தான் எங்கள் டிரைவருக்கும் எனக்கும் இரண்டாவது பயணத்தில் சண்டை.

இடங்களோட லிஸ்ட் ரெடி. எந்த நாள் எதுன்னு பிரிக்கிறதுதான் வரலை.

லிஸ்ட்டைக் கீழே வைத்துவிட்டுக் காலண்டரை எடுங்கள். டெல்லியில் நம் திட்டத்தைத் தீர்மானிப்பது திங்கட்கிழமைதான். செங்கோட்டை, அக்ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், தீன் மூர்த்தியில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி சுடப்பட்ட இடமான காந்தி ஸ்மிருதி, எல்லாமே திங்கள் விடுமுறை. கரோல் பாக், சரோஜினி நகர், லாஜ்பத் நகர் கடைகளுக்கும் திங்கள்தான் வார விடுமுறை.

முதல் பயணத்தில் இது எனக்குத் தெரியாது. ஞாயிறு இரவு இறங்கி, திங்கள் காலை 14 பேரையும் ஆட்டோக்களில் ஏற்றிச் செங்கோட்டை வாசலில் இறக்கினேன். கதவு சாத்தியிருந்தது. சரி, அக்ஷர்தாம் போகலாம் என்று போனால் அதுவும் சாத்தியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

திங்களில் என்ன செய்யலாம்? குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை இரண்டும் எல்லா நாளும் உண்டு. இந்தியா கேட், அதையொட்டி 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகம், பங்களா சாஹிப் குருத்வாரா, மலை மந்திர், கைவினைப் பொருள் சந்தையான தில்லி ஹாட் இவற்றுக்கும் வார விடுமுறை இல்லை. ஒரு நாள் முழுவதும் இதிலேயே நிறைந்துவிடும். மற்ற நாட்களிலும் சின்னச் சின்னப் பொறிகள் உண்டு. மிருகக்காட்சி சாலைக்கு வெள்ளி விடுமுறை. சாந்தினி சௌக்கிலும் கனாட் பிளேஸிலும் ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் ஜமா மசூதிக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

ஒரு நாளைக்கு ஏழெட்டு இடம் பார்த்துடலாம்ல?

மூன்று. குழந்தைகளோ 60 தாண்டியவர்களோ இருந்தால் இரண்டும் ஒரு கடைவீதியும். நீங்கள் தனியாகப் போனால் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும் இடத்தில், 20 பேர் கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பை சோதனை, செருப்பு விடுவது, பாத்ரூம், ஃபோட்டோ, காணாமல்போன கண்ணாடி. கூட்டத்தின் வேகம் அதில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான். அவரை அவசரப்படுத்தினால் மறுநாள் அவர் அறையைவிட்டு வரமாட்டார்.

நான் திசை பார்த்துப் பிரிப்பேன். பழைய டெல்லி ஒரு நாள்: செங்கோட்டை, சாந்தினி சௌக்கில் சீஸ்கஞ்ச் குருத்வாரா, பராட்டா சந்து, ஜமா மசூதி. தெற்கு ஒரு நாள்: குதுப் மினார், தாமரைக் கோயில், சாயங்காலம் மலை மந்திர். நடு டெல்லி ஒரு நாள்: காந்தி ஸ்மிருதி, இந்தியா கேட், பங்களா சாஹிப். அக்ஷர்தாமுக்கு நண்பகலுக்கு மேல் முழுசாக ஒதுக்கிவிடுங்கள், அதைப் பிறகு சொல்கிறேன். குதுப் மினாரில் மேலே ஏறலாமா என்று கேட்பார்கள். 379 படி உண்டு, ஆனால் 1981-இல் உள்ளே நெரிசலில் பலர் இறந்த பிறகு யாரையும் விடுவதில்லை. கீழே நிற்கும் துருப்பிடிக்காத இரும்புத் தூணைக் காட்டுங்கள். ஆயிரத்து அறுநூறு வருஷத்துச் சமாச்சாரம்.

மலை மந்திர்னா என்ன? டெல்லியில நம்ம ஊர்க் கோயிலா?

ஆர்.கே.புரத்தில் சின்னக் குன்றின் மேல் கருங்கல்லில் கட்டிய முருகன் கோயில், பெயர் உத்தர சுவாமிமலை. 1973-இல் கும்பாபிஷேகம். ஐந்து நாள் இந்தியையும் பராட்டாவையும் தாங்கிய கூட்டம் அங்கே போனதும் தானாகத் தளர்ந்து உட்காரும். அதே ஆர்.கே.புரத்தில்தான் தில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது, 1946-இல் தொடங்கியது. வாசலில் திருவள்ளுவர் சிலையோடு எல்லோரும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்வது எங்கள் குழுவின் சடங்கு.

ஆக்ரா போயிட்டு ஒரே நாள்ல வந்துடலாமா? வழியில மதுராவும் பார்க்கணும்.

ஆக்ரா மட்டும் என்றால் வரலாம். முதல் விஷயம், தாஜ்மஹாலுக்கு வெள்ளி விடுமுறை. நிஜாமுதீனிலிருந்து கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஆக்ராவில் விட்டுவிடும், அதுவும் வெள்ளி ஓடாது. வண்டியில் யமுனா எக்ஸ்பிரஸ்வே வழியாகப் போனால் மூன்றரை, நான்கு மணி நேரம்.

டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். இந்தியர்களுக்கு 50 ரூபாய், கல்லறை மேடைக்கு ஏற இன்னும் 200. 15 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இலவசம். நுழைந்ததிலிருந்து மூன்று மணி நேரம்தான் செல்லும். சாப்பாட்டுப் பொட்டலத்தை உள்ளே விடமாட்டார்கள், தண்ணீர் பாட்டில் போகும். பெட்ரோல், டீசல் வண்டிகளை வாசல் வரை விடாததால் பார்க்கிங்கிலிருந்து பேட்டரி வண்டி.

மதுராவையும் அதே நாளில் திணிக்காதீர்கள். அங்கும் பிருந்தாவனத்திலும் கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். தாஜைப் பார்த்துவிட்டு ஓடினால் சாத்திய கதவுதான் தெரியும். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் வெள்ளிக்கிழமை மதுரா போங்கள். தாஜ் மூடியிருக்கும் நாள், நமக்கும் வீணாகாது.

ராஷ்டிரபதி பவன், பார்லிமென்ட் உள்ள விடுவாங்களா?

ராஷ்டிரபதி பவனுக்குள் போகலாம். அதன் இணையதளத்தில் நாளும் நேரமும் முன்பே பதிவு செய்ய வேண்டும், அங்கும் திங்கள் கிடையாது. ஒவ்வொருவரும் அசல் அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். ஃபோனில் இருக்கும் ஃபோட்டோவைக் காட்டி வாசலில் வாதாட வேண்டாம்.

பார்லிமென்ட் பார்வையாளர் பாஸ் எம்.பி. பரிந்துரையில் கிடைப்பது. உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் கிளம்பும் முன்பே கேளுங்கள்.

அக்ஷர்தாம்ல ஃபோனை வாங்கி வச்சுப்பாங்களாமே?

ஆமாம். ஃபோன், கேமரா, பவர் பேங்க் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. கட்டணமில்லாமல் பாதுகாப்பு அறையில் வாங்கி வைப்பார்கள். எல்லோருடைய ஃபோனையும் சில பைகளில் சேர்த்துக் கொடுங்கள், ஆளுக்கொரு வரிசை மிச்சம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். உள்ளே போன 23 பேரிடமும் ஃபோன் இல்லை. யாராவது பிரிந்தால் கூப்பிட வழியில்லை. அதனால் எங்கே, எத்தனை மணிக்குச் சேருவது என்று வாசலிலேயே சொல்லி, எல்லோரையும் திருப்பிச் சொல்ல வைப்பேன். கைக்கடிகாரம் கட்டியவர் ஒருவராவது ஒவ்வொரு ஐந்து பேருக்குள்ளும் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் யாரும் கட்டுவதில்லை, பழசைத் தேடி எடுத்து வையுங்கள்.

எத்தனை பெட்டி எடுத்துக்கலாம்?

ஆளுக்கு ஒரு பெட்டி, தோளில் ஒரு சின்னப் பை. பெட்டியை நீங்களே தூக்கி மூன்று மாடிப்படி ஏறிப் பாருங்கள், வீட்டில் வைத்தே. முடியவில்லையென்றால் இரண்டு புடவையை எடுத்துவிடுங்கள். ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் ஓடாத நாளில் உங்கள் பெட்டியைத் தூக்க வேறு யாரும் இருக்கமாட்டார்கள், அவரவர் கையிலும் ஒன்று இருக்கும். விமானத்தில் போகிறவர்கள் உள்நாட்டுக்குப் பொதுவாக 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை என்று கணக்கு வையுங்கள். ஊறுகாய் பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில். மாற்றி வைத்தால் இரண்டும் பிரச்சினை.

தனியாக ஒரு பொதுப்பை வேண்டும். அதில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு மாத்திரை, ஓஆர்எஸ், பேண்டேஜ், நைலான் கயிறு, சேஃப்டி பின், எக்ஸ்டென்ஷன் போர்டு, எல்லோருடைய ஆதார் நகல், மாத்திரை சாப்பிடுபவர்களின் மருந்துச்சீட்டு நகல். எக்ஸ்டென்ஷன் போர்டைச் சிரித்துக்கொண்டே கேட்டவர்கள், நான்கு பேருக்கு ஒரு பிளக் இருந்த அறையில் என்னைத் தேடி வந்தார்கள்.

குளிர்ல போறோம். ஸ்வெட்டர் ஒண்ணு போதுமா?

டிசம்பர், ஜனவரியில் காலை 5, 6 டிகிரிக்கு இறங்கும். ஊட்டிக்குப் போட்ட ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். புடவை கட்டுகிறவர்கள் முழுக்கை தெர்மலை ரவிக்கைக்கு உள்ளே போட்டு, பாவாடைக்கு உள்ளே லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளலாம். மதியம் வெயில் வரும், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். தெர்மலை ஊரில் வாங்காதீர்கள். கரோல் பாகில் விலையும் குறைவு, ரகமும் நிறைய.

சாக்ஸ் நான்கு ஜோடி. தாமரைக் கோயிலிலும் குருத்வாராவிலும் செருப்பில்லாமல் சலவைக்கல்லில் நடக்கும்போது கால் மரத்துப்போகும். குருத்வாராவில் தலையை மூட ஒரு பெரிய கைக்குட்டை அல்லது துப்பட்டா, ஆண்களுக்கும். உதட்டுக்கு வாசலைன். தேங்காய் எண்ணெயைக் குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் அது கட்டியாகி உள்ளேயே இருக்கும். வாய் அகன்ற டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

ரயில்லயும் ஹோட்டல்லயும் சமைச்சுக்கலாம்னு சின்ன ஸ்டவ் எடுத்துக்கலாமா?

கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தது மறந்துவிட்டதா? அவர்களும் டீ போடத்தான் அடுப்பைப் பற்ற வைத்தார்கள்.

ரயிலுக்கு முதல் நாள் இட்லி, புளியோதரை. மறுநாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய சப்பாத்தி, தட்டை, முறுக்கு. தயிர்சாதம் அரைநாள்தான் தாங்கும். டெல்லியில் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். கனாட் பிளேஸில் சரவண பவன் இருக்கிறது. மற்ற இடங்களில் ராஜ்மா சாவல் கேளுங்கள், சோறும் குழம்பும் மாதிரி இறங்கிவிடும். பங்களா சாஹிபில் லங்கர் என்கிற இலவசச் சாப்பாடு யாருக்கும் உண்டு. அங்கே தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் எங்கள் தெரு இன்னும் பேசுகிறது.

எங்க யாருக்கும் இந்தி தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். "கித்னா" என்றால் எவ்வளவு, "பஸ்" என்றால் போதும் என்று அர்த்தம், அதோடு எண்கள் பத்து வரை. மெட்ரோவில் எல்லாம் இங்கிலீஷிலும் எழுதியிருக்கும். ஹோட்டல் கார்டு ஒவ்வொருவர் பர்ஸிலும் இருக்கட்டும். வழி தவறினால் ஆட்டோக்காரரிடம் அதை நீட்டினால் போதும்.

பணம் யார் கையில இருக்கணும்?

பொதுச்செலவுக்கு ஒரு பர்ஸ், அதற்கு இரண்டு பேர். ஒருவர் கொடுப்பார், இன்னொருவர் எழுதுவார். இரவு படுக்கும் முன் வாட்ஸ்அப் குழுவில் கணக்கு. கடை, ஐஸ்கிரீம், டீ எல்லாம் அவரவர் பாடு. இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். நான்கு பயணத்தில் நாங்கள் முகம் சுளித்தது பெரும்பாலும் ஐஸ்கிரீமுக்காகத்தான்.

டிக்கெட் போட்டப்புறம் ஒருத்தர் வரலைன்னா, வேற ஆளைக் கூட்டிட்டுப் போகலாமா?

அதே குடும்பமாக இருந்தால் மட்டும். அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர் இவர்களில் ஒருவர் பெயருக்கு, ரயில் கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பு முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து மாற்றலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாற்ற முடியாது. ரத்து செய்வதென்றால் சீக்கிரம் செய்யுங்கள், நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் ஏறாமல் விட்டால், டிடிஆர் என்கிற, பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் போட்டு முழுப்பணத்தையும் கேட்கலாம். பனிக்காலத்தில் இது உதவும்.

வண்டி, ஹோட்டல் பங்கு வேறு விஷயம். வராதவருடைய பங்கை மற்றவர்கள் ஏற்பதா, அவரே கொடுப்பதா என்று முன்பணம் வாங்கும் நாளிலேயே பேசிவிடுங்கள். நாங்கள் முன்பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்று வைத்திருக்கிறோம். என் சொந்த நாத்தனாருக்கும் தரவில்லை.

மெட்ரோவில் கதவு மூடி யாராவது மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

மாட்டியிருக்கிறார்கள். ராஜீவ் சௌக்கில், சாயங்காலம் ஆறரை மணிக்கு, 68 வயது அத்தை ஒருவர் பிளாட்பாரத்தில், நாங்கள் உள்ளே. அன்றைக்கு நல்லவேளையாக விதி ஏற்கெனவே இருந்தது. விடுபட்டவர் நின்ற இடத்தைவிட்டு அசையக்கூடாது. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் மட்டும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவார், மற்றவர்கள் வழக்கமாக இறங்கும் ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பார்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும் ஒரு எண் கொடுத்துவிடுகிறோம். எங்கே ஏறினாலும் இறங்கினாலும் ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் வெட்கப்படுவார்கள். அத்தை 17-ஆம் எண். பதினாறுக்குப் பிறகு சத்தம் வராமல் போனதில்தான், கதவு மூடிய சில நொடிகளில் எங்களுக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் போனபோது அவர் அதே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை "பதினேழு".